சொலாஞ்சும் நஸ்ரீன் தைத்த வெள்ளைக் கவுனும்

மொரீஷியஸ் தீவின் மாயேபூரில் எந்தக் கல்யாணமானாலும் சொலாஞ்சின் ஊசி படாமல் நடந்ததில்லை. சீனர் வீட்டு மணப்பெண்ணுக்குச் சிவப்புப் பட்டங்கி, இந்து வீட்டுக்கு ஜாக்கெட், முஸ்லிம் வீட்டுக்கு நீளக் கை வைத்த உடுப்பு, தன் கிறிஸ்தவக் கிரியோல் சனங்களுக்கு வெள்ளைக் கவுன். எல்லாம் அவள் கைவேலை. சந்தைத் தெருவில் நஸ்ரீன் தையல் கடை போடும் வரைக்கும்.

நஸ்ரீன் சின்ன வயசுக்காரி, சிரித்த முகம். அவள் கடைக்குள் யார் நுழைந்தாலும் எதிர்ப்புறம் இருந்த சொலாஞ்சின் தையல் மிஷின் நின்றுவிடும். கடைசியில் சொலாஞ்சின் ஞானமகள் எலோடியே தன் கல்யாணக் கவுனை அங்கே கொடுத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மரேன்" என்றாள் எலோடி. ஞானத்தாயை அப்படித்தான் கூப்பிடுவாள். "அவங்ககிட்ட புது மாடல் நிறைய இருக்கு."

"எனக்கென்னடி கோவம்? நல்லா இரு."

அன்று மதியம் சமைத்த மீன் குழம்பைச் சொலாஞ்ச் அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று மாதா கோவிலில் முன்வரிசையில் உட்கார்ந்து, கவுனில் குறை தேடினாள். தோள் கச்சிதம். கை கச்சிதம். பூசை முடிந்து வெளியே வரும்போது, மாப்பிள்ளையின் சீனத்து மாமா தரையில் புரண்ட துணியை மிதித்துவிட்டார். இடுப்பில் சர்ரென்று கிழிந்தது.

சொலாஞ்சுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் எலோடி சுற்றி நின்ற யாரையும் பார்க்கவில்லை. சின்னக் குழந்தை மாதிரி உதடு பிதுங்க அவளைத்தான் பார்த்தாள்.

"அழாதே, மை கரைஞ்சிடும். உள்ளே வா" என்று, மற்றவர்கள் கவனிக்கும் முன் சொலாஞ்ச் அவள் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்தாள். அவள் தைத்து முடித்தபோது, கிழிந்த இடம் எதுவென்று எலோடிக்கே தெரியவில்லை.

விருந்தில் ஊரே நஸ்ரீனைப் புகழ்ந்தது. சொலாஞ்ச் தட்டிலிருந்த பிரியாணியைக் கிளறிக்கொண்டிருந்தாள். நஸ்ரீன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இடுப்புத் தையல் உங்களுதுதானே அக்கா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அவ்வளவு பொடியா எனக்கு ஓட்ட வராது. எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா?"

சொல்லேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மேடையில் எலோடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணப் பொண்ணோட துணி கிழிஞ்ச கதை ஊருக்கு எதுக்கு? பேசாம கேக்கைத் தின்னு."

அடுத்த வாரம் நஸ்ரீன் ஒரு பெண்ணை எதிர்க்கடைக்கு அனுப்பினாள். கையாலேயே மணி கோத்துத் தைக்க வேண்டுமாம். சொலாஞ்ச் துணியை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"அவளுக்கு வரல, அதான் அனுப்பியிருக்கா" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.