மூர்ச்சையாவதற்கு ஒரு சோபா

ஆங்கிலம் நடத்துகிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: வாழ்நாளில் ஒரு தடவைகூடச் செய்யாத காரியங்களை எல்லாம் செய்து பழகினவர்போல விளக்க வேண்டும். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அரியலூரிலிருந்து பஸ் பிடித்துப் பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேலை தற்காலிகம். முதல்வர் ஒருநாள் வகுப்பில் வந்து உட்காருவார். பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார். வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். அவர் உட்காரப்போகும் பாடத்தில் வந்து வாய்த்தது 'ஸ்வூன்' என்ற பழங்கால வினைச்சொல்.

விழுகிற இடம்

மயங்கி விழுவதுதான் பொருள். ஆனால் பசி மயக்கம், வெயில் மயக்கம் எல்லாம் இதில் சேராது. பழைய ஆங்கில நாவல்களில் காதலன் கடிதம் வந்தால் 'ஸ்வூன்', வராவிட்டாலும் 'ஸ்வூன்', யாராவது உருக்கமாகப் பியானோ வாசித்தால் அதற்கும் 'ஸ்வூன்'. நம் பழைய தொடர்கதைகளில் "மூர்ச்சையானாள்" என்று வருமே, அதற்கு இது அக்கா முறை. கதாநாயகி சரிகிற இடத்தில் எப்படியோ ஒரு சோபா கிடக்கும். சோபா இல்லாவிட்டால் கதாநாயகன் நிற்பான்.

இதையெல்லாம் வகுப்பில் அழகாகச் சொல்லிவிட்டோம் என்று நான் பூரித்துக்கொண்டிருந்தபோது உடையார்பாளையத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். "எங்க முந்திரிக்கொல்லையில வுழுந்தா யாரும் புடிக்க மாட்டாங்க மேம், நாமளே எந்திரிச்சு மிச்சக் கொட்டையப் பொறுக்கணும்."

ஒத்திகை

நடித்துக் காட்டினால் புரியும் என்று தோன்றியது. மறுநாள் கதாநாயகியின் வசனத்தைப் படித்து, புறங்கையை நெற்றியில் வைத்து, நாற்காலியில் சரிந்தேன். நன்றாகவே சரிந்திருக்கிறேன். வராந்தாவில் போன உதவியாளர் செல்வி அக்கா எனக்கு வலிப்பு என்று நினைத்து ஓடிவந்து, கையில் இரும்பு இருக்கட்டும் என்று கல்லூரியின் மொத்தச் சாவிக்கொத்தையும் என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் உண்மையைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. "ஐயோ, நடிப்பு அக்கா!" என்று நான் கத்தினேன்.

அவர் கையை விடவே இல்லை. "நடிப்பாவே இருக்கட்டும் மேம், எதுக்கும் ஒரு நிமிசம் புடிச்சிருங்க."

கடைசி பெஞ்சு

முதல்வர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவர் சிரித்து அந்தக் கல்லூரியில் யாரும் பார்த்ததில்லை. 'ஸ்வூன்' என்று பலகையில் எழுதிப் பாடத்தைத் தொடங்கினேன். பாதி வகுப்பில் அவரே எழுந்து, பக்கத்தில் இருந்த ஜெயங்கொண்டத்துப் பையனிடம், "மயக்கத்துக்கும் இதுக்கும் என்னப்பா வித்தியாசம்?" என்றார். அந்தப் பருவம் முழுக்க வாய் திறக்காத பையன் அவன். என் வேலை போயிற்று என்றே முடிவுகட்டிவிட்டேன்.

அவன் மெதுவாக எழுந்தான். "புடிக்க ஆளு இருக்கான்னு பாத்துட்டு வுழுந்தா ஸ்வூன் சார். பாக்காம வுழுந்தா மயக்கம்."

முதல்வர் விழுந்து விழுந்து சிரித்தார். சாயங்காலம் அறைக்குக் கூப்பிட்டு, நிரந்தரம் என்றார். அப்பாடா என்றிருந்தது. கால் துவண்டு, எதிரே இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உக்காருங்கம்மா. இது ரெண்டுல எது?"

சீமைக் கதாநாயகிகள் காதலுக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் சரியட்டும், எங்கள் பக்கத்தில் நிரந்தர வேலை கிடைத்தால்தான் ஒரு பெண்பிள்ளைக்குக் கால் துவளும்.