வெறும் வலைக்குப் போட்ட கோடு

உள்பக்கம் வெள்ளையான ஒரு பெரிய கிண்ணம். அதற்குள் முகத்தை வைத்து, நாடியை ஒரு தட்டில் ஊன்றி, நெற்றியை ஒரு பட்டியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கண்ணை மூடிக் கட்டிவிடுவார்கள். நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு தெரியும். மற்றக் கண்ணால் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க, சுற்றிவர எங்காவது ஒரு சின்ன வெளிச்சம் மின்னும். மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். கண் அழுத்த நோய் பார்வையின் ஓரங்களில் எவ்வளவைத் தின்றுவிட்டது என்று இந்த மெசின்தான் சொல்லும்.

எழுபத்துமூன்று வயதில் ஒருவனைப் பரீட்சைக்கு இருத்தினால் அவன் தோற்கக் கூடாது என்றுதான் நினைப்பான். நானும் நினைத்தேன்.

கண் கிளினிக்கில் ஒரு ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா என்று டொக்டர் கேட்டபோது உடனே ஓம் என்றேன். சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டால் பார்வை எப்படி நிற்கிறது, நோயாளியின் நாளாந்த வாழ்க்கை எப்படிப் போகிறது என்று இரண்டு வருடம் பார்ப்பார்களாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. புதன்கிழமைகளில் ஆய்வுத் தாதி தொலைபேசியில் ஐந்து கேள்வி கேட்பா. வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விஞ்ஞானத்துக்கு உதவுவதற்காகச் சேர்ந்தேன் என்று மகளிடம் சொன்னேன். அவள் வெளிநாட்டில் இருக்கிறாள், ஞாயிறுகளில் தொலைபேசி எடுப்பாள். உண்மை என்னவென்றால், மனைவி காலமான பிறகு கிழமை நாட்களில் என் தொலைபேசி அடித்ததே இல்லை. புதன்கிழமை அடிக்கும் என்றால் நல்லதுதானே.

முதல் நாளே டொக்டர் மெசின் தந்த படத்தைக் காட்டி விளக்கினார். இடது கண்ணில் பாதி போய்விட்டது, திரும்பி வராது. வலது கண்ணைக் காப்பாற்றலாம். சொட்டு மருந்து போதாமல் வலது கண்ணின் பார்வையும் சுருங்கத் தொடங்கினால் ஒப்பரேசன் செய்ய வேண்டும்.

"செய்தால் ஒரு கிழமைக்காவது ஆள் கூட இருக்கவேணும். குனிய ஏலாது, பாரம் தூக்க ஏலாது, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மருந்து விடவேணும். வீட்டில ஆர் இருக்கினம்?"

"இருக்கினம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான். துறைமுகத்தில் என்னோடு வேலை செய்தவர்களில் நடமாடக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு என்னை நினைவில்லை, மற்றவருக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஆகவே வரமாட்டார். ஒரு கை விரல்களில் தொடங்கிய கணக்கு ஒரு விரலும் மடங்காமல் முடிந்தது.

அந்தப் புதன்கிழமைக் கேள்விகளைத் தவிர, நேரில் கேட்பதற்கு இருபத்தேழு கேள்விகள் கொண்ட ஒரு தாளும் இருந்தது. கேட்பது பக்கத்து ஊர் கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வேலைக்கு வருகிற அதே ஆய்வுத் தாதி. அடக்கமான பிள்ளை. ஆனால் ஒரு கேள்வியையும் விடமாட்டா.

"படி இறங்கக் கஷ்டமா ஐயா? இல்லை, கொஞ்சம், நிறைய. ஒண்டைச் சொல்லுங்க."

"இல்லை. என்ர வீட்டில படி மூண்டுதான்."

"தேத்தண்ணி ஊத்தேக்க வெளியில சிந்துதா?"

"இல்லை."

"உங்கட பார்வையால மற்றவங்களுக்குப் பாரமா இருக்கிறதா நினைக்கிறீங்களா?"

"எந்த மற்றவங்களுக்கு?"

"வீட்டில இருக்கிறவங்களுக்கு."

"வீட்டில நான்தான் இருக்கிறன்."

அவ பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தா. "அப்ப உங்களுக்கே நீங்க பாரமா?"

"அப்பிடி ஒரு கேள்வி அந்தத் தாளில இருக்கோ?"

"இல்லை."

"அப்ப 'இல்லை' எண்டு போடுங்கோ."

இருபத்தேழுக்கும் 'இல்லை'. நான் பெருமையோடு எழும்பி வந்தேன். அடுத்ததாக உள்ளே போனவர் புல்மோட்டைக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது குறைந்த மீனவர். இடது கண்ணில் எனக்கிருக்கும் அதே நோய், வலது கண் சுத்தம். ஒவ்வொரு முறையும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாள்தான் கொடுத்தார்கள். ஒரே மர வாங்கில், காற்றாடி இல்லாத மூலையில், நாலு மணித்தியாலம் உட்கார்ந்திருப்போம். முஸ்லிம்களை மரியாதையாகக் கூப்பிடுகிறபடி நான் அவரை நானா என்பேன். அவர் என்னைக் கிளாக்கரையா என்பார்.

துறைமுகத்தில் நான் முப்பத்தாறு வருடம் எண்ணுகிற கிளாக்கராக இருந்தேன். கப்பலின் வயிற்றிலிருந்து கயிற்று வலையில் மூட்டைகள் மேலே வரும். வலைக்கு இருபது மூட்டை. வலை ஒன்றுக்கு ஒரு கோடு. ஐந்தாவது கோடு நாலையும் குறுக்கே வெட்டும். கோதுமை மாக் கப்பல் என்றால் பத்து நிமிடத்தில் மாத்தூள் பறந்து ஒன்றும் தெரியாது. கண்ணைத் திறந்தால் எரியும். அப்போது வலையை இழுக்கிற வின்ச் மெசினின் சத்தத்துக்கு எண்ணுவோம். இழுக்கத் தொடங்கும்போது ஒரு முனகல், உச்சியில் ஒரு 'டக்'. டக் என்றால் ஒரு கோடு. மேலதிகாரிகளுக்குத் தெரியாது, ஆனால் எல்லாக் கிளாக்கர்மாரும் செய்ததுதான். நான் அதில் கெட்டிக்காரன்.

மூன்றாவது பரிசோதனையில் கிண்ணத்துக்குள் வெளிச்சங்கள் குறைந்துவிட்டன. முந்தின தடவை வலது கண்ணுக்கு நூற்றுப் பதினெட்டு முறை அழுத்தியிருந்தேன். இந்தத் தடவை அறுபதைத் தொடவே வெகுநேரம் ஆயிற்று. மஞ்சள் பொட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சுற்றிவர ஒன்றும் இல்லை. எனக்கு வியர்த்தது. அப்போதுதான் மெசின் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் உள்ளே எதையோ நகர்த்துகிற மெல்லிய சத்தம் கேட்டது. ஒரு சின்ன முனகல், ஒரு 'டக்'.

என் பெருவிரல் என்னைக் கேட்கவில்லை. டக்குக்கு அழுத்தியது. ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவதில் எனக்கு மூச்சு வந்தது. நூற்றுப் பன்னிரண்டில் முடித்தேன்.

"வலது கண் அப்படியே நிற்குது" என்றார் டொக்டர், படத்தைப் பார்த்து. பிறகு கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். "சரி, அதே மருந்தையே விடுங்கோ. அடுத்த முறை பார்ப்பம்."

வெளியே வாங்கில் நானா கேட்டார்: "எவ்வளவு கிளாக்கரையா?"

"நூற்றுப் பன்னிரண்டு. நீங்கள்?"

"ஆர் எண்ணினது? மீன் துள்ளினாத் தெரியும், துள்ளாட்டி சும்மா இருக்கிறதுதானே. நீங்க அதுக்குள்ளயும் கணக்கு எழுதுறீங்களா? இனி அந்தப் பிள்ளை உங்களுக்குச் சம்பளம் போடோணும்."

நான் சிரிக்கவில்லை. அன்று பஸ் நிலையத்தை நோக்கி நடந்தபோது வலது பக்கத்தில் எதிலோ மோதினேன். சூடான, மயிருள்ள ஒரு உடம்பு. மான். எங்கள் ஊரில் அவை மாடுபோல வீதியில் திரியும். வீதியோரத்தில் குப்பையை மேய்ந்துகொண்டு நின்ற மான்கள் எத்தனை என்று இப்போது பார்த்தேன், ஆறு. ஆறையும் காணாமல் அவற்றின் நடுவே வந்திருக்கிறேன். மோதப்பட்டது விலகவுமில்லை. ஒரு சோளப் பொத்தியை மென்றபடி என்னைப் பார்த்தது. வலது பக்கம். நல்ல கண்ணின் பக்கம்.

அடுத்த மூன்று மாதமும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு யாரும் இருக்கவுமில்லை, புதன்கிழமைக் குரலைத் தவிர. "விழுந்தீங்களா ஐயா?" "இல்லை." "எதிலயும் மோதினீங்களா?" "இல்லை." "சொட்டு விடக் கஷ்டமா?" "இல்லை." ஐந்து 'இல்லை' சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. பிறகு அடுத்த புதன்வரை வீடு அப்படியே இருக்கும். சில கிழமைகளில் கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன், காது சரியில்லை என்று. காது நன்றாகத்தான் இருந்தது.

நாலாவது பரிசோதனை முடிந்ததும் அந்தப் பிள்ளை என்னை எழும்ப விடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தா.

"ஐயா, இந்த மெசின் இடைக்கிடை வெளிச்சம் போடாது. சத்தம் மட்டும் போடும். ஆக்கள் உண்மையாப் பாத்துத்தான் அழுத்துறாங்களா எண்டு அறியிறதுக்கு." தாளைத் திருப்பிக் காட்டினா. "அதுக்கெல்லாம் நீங்க அழுத்தியிருக்கிறீங்க. போன முறையும் அப்பிடித்தான். அதை இண்டைக்குத்தான் நாங்க கவனிச்சம். உங்கட கண் நரம்பு ஒரு கதை சொல்லுது, இந்தப் படம் வேற கதை சொல்லுது. டொக்டர் படத்தை நம்பி மருந்தை மாத்தாமல் விட்டிட்டார்."

எனக்குத் துறைமுகம் ஞாபகம் வந்தது. புதிதாக வரும் கிளாக்கரைச் சோதிக்க நாங்கள் வின்ச்காரனிடம் சொல்லி வெறும் வலையைத் தூக்கச் சொல்வோம். ஒருவன், கலியாணமாகி ஒரு மாதம்கூட ஆகாதவன், மாத்தூளுக்குள் நின்று அந்த வெறும் வலைக்குக் கோடு போட்டான். எல்லோருக்கும் முன்னால் அவன் தாளைக் கிழித்தேன். முழு நாள் கணக்கையும் திரும்ப எழுத வைத்தேன். நானும் சத்தத்துக்குத்தான் எண்ணுகிறவன் என்பது அவனுக்கும் தெரியும். இருந்தும் அவன் குனிந்து எழுதினான்.

இந்தப் பிள்ளை எதையும் கிழிக்கவில்லை. "ஏன் ஐயா?" என்று மட்டும் கேட்டா.

"ஒப்பரேசன் எண்டால் ஆள் வேணும் எண்டு சொன்னவை. என்னட்ட ஆள் இல்லை."

"எனக்குத் தனிய எண்டு சொன்னீங்க. டொக்டரிட்ட ஆக்கள் இருக்கினம் எண்டு சொன்னதா ஃபைலில கிடக்கு."

"அது சும்மா சொன்னனான்."

அவ இரண்டு பஞ்சு உருண்டை செய்தா. "ஒரு மணித்தியாலம் களைப்பாறுங்க. திரும்பச் செய்வம். இந்த முறை இதைக் காதுக்குள்ள வைச்சுக்கொண்டு."

பஞ்சு வைத்ததும் கிண்ணத்துக்குள் ஒரு சத்தமும் இல்லை. மஞ்சள் பொட்டும் நானும்தான். ஒரு வெளிச்சம், அழுத்தினேன். பிறகு ஒன்றும் இல்லை. பெருவிரல் பொத்தானில் துடித்துக்கொண்டே இருந்தது. நான் அதை மற்றக் கையால் பிடித்தேன். மீன் துள்ளாவிட்டால் சும்மா இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவ்வளவு நேரம் எதையும் எண்ணாமல் நான் எங்கும் இருந்ததில்லை. முடிந்ததும் ஒரு கணக்குத்தான் சொல்லத் தெரிந்தது: நாற்பத்தொன்று.

படத்தில் வலது கண்ணின் மேற்பாதியிலும் வலது ஓரத்திலும் கறுப்பு இறங்கியிருந்தது. ஒப்பரேசன் செய்யத்தான் வேண்டும், கெதியாகச் செய்ய வேண்டும் என்றார் டொக்டர். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு படிவத்தை மட்டும் நீட்டினார்.

அந்தப் படிவத்தோடு வாங்கில் வந்து இருந்தேன். கூட இருப்பவர் பெயர் என்று ஒரு கோடு. என்ன உறவு என்று இன்னொரு கோடு. நானா எட்டிப் பார்த்தார்.

"என்ன, இவ்வளவு படிச்ச ஆள் ரெண்டு கோடு நிரப்ப ஏலாமல் இருக்கிறீங்க?"

சொன்னேன். சத்தத்துக்கு அழுத்தியதையும் சேர்த்துத்தான். அவர் தொடையில் அடித்துச் சிரித்தார். வரிசையில் இருந்த ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெசினையே பேய்க்காட்டப் பாத்தீங்களா! கிளாக்கரையா, உங்களைக் கடலுக்குக் கூட்டிப் போனா இல்லாத மீனுக்கெல்லாம் வலை இழுக்கச் சொல்லுவீங்க." பிறகு படிவத்தை என் கையிலிருந்து இழுத்தெடுத்தார். "வாடைக்காத்து. கடலுக்குப் போக ஏலாது. வீட்டில இருந்தா மனிசி ஏசுறா. நான் வந்து நிக்கிறன்."

"உங்களுக்கும் ஒரு கண்தானே நானா."

"உங்கட கண்ணுக்குள்ள மருந்து விட எனக்கு எத்தனை கண் வேணும்?"

தாதி உறவுக் கோட்டுக்கு என்ன போடுவது என்று கேட்டா. "வாங்கு எண்டு போடுங்க தங்கச்சி" என்றார் அவர். "ஒரு வருசமா ஒரே வாங்கிலதானே காயுறம்." அவ 'நண்பர்' என்று எழுதினா.

ஒப்பரேசனுக்குப் பிறகு ஏழு நாள் நின்றார். மழை விடவே இல்லை. மருந்து நேரத்தை அவர் ஒருநாளும் சரியாகப் பார்க்கவில்லை. சில தடவை இரண்டு சொட்டு விட்டார், சில தடவை என் மூக்கில் விட்டார். நான் ஏசினேன். அவர் என் குசினியில் என் சட்டியில் மீன் ஆக்கினார், உப்புக் கூடிவிட்டது. அதற்கும் ஏசினேன். "எண்ணிப் போட்டனான் கிளாக்கரையா, ஆறு கல்லு" என்றார். எண்ணியிருக்கமாட்டார். தொழுகைக்கு என் அலுமாரிக்கும் கதிரைக்கும் நடுவில் இடம் பிடித்திருந்தார். அந்த நேரம் நான் வானொலியை நிறுத்திவிடுவேன்.

எட்டாம் நாள் காலை மழை விட்டு வெளித்தது. மத்தியானப் பஸ்ஸுக்குப் போனார். கண்ணில் மூடி இருந்ததால் நான் வாசலுக்குப் போகவில்லை. கதிரையில் இருந்து கேட்டேன். படலை வரைக்கும் பதினான்கு அடி. படலை சாத்துகிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கண் அழுத்தம் இறங்கிவிட்டது என்றார்கள். மீதியைக் காப்பாற்றலாமாம். கறுத்த இடம் கறுத்ததுதான். அதில் எவ்வளவு நோய் தின்றது, எவ்வளவு என் பெருவிரல் தின்றது என்று பிரித்துச் சொல்ல எந்த மெசினும் இல்லை. நான் கேட்டுப் பார்த்தேன்.

அவர் போன நாள் பின்னேரம் நானே மருந்து விட்டேன். முதல் சொட்டு கன்னத்தில். இரண்டாவது இமையில். மூன்றாவது குளிர்ந்தது, அப்போதுதான் உள்ளே போனது தெரிந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் புதன். தொலைபேசி அடித்தது.

"சொட்டு விடக் கஷ்டமா ஐயா?"

"ஓம்" என்றேன்.

மறுபக்கத்தில் தாள் புரண்டது. "கொஞ்சமா, நிறையவா?"

"நிறைய. நிறைய எண்டே போடுங்கோ பிள்ளை."

அவ எழுதுவது கேட்டது. அடுத்த கேள்விக்குப் போக இந்தத் தடவை கொஞ்ச நேரம் எடுத்தா. நான் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.