குறைத்து எரித்த அடுப்பு

சென்ற வாரம் எங்கள் ஒரகடத்து அடுக்ககத்தில் குழாய்வழி எரிவளி இணைப்புக் கொடுக்க இருவர் வந்தார்கள். சுவரைத் துளைத்து, மஞ்சள் குழாயைச் சமையலறைக்குள் இழுத்து, இணைப்புகளின் மேல் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று உற்றுப் பார்த்தார்கள். திருகைத் திறந்தபோது சிறு வீச்சம் ஒன்று எழுந்தது. அழுகிய பூண்டின் நாற்றம் போன்ற அது உங்களுக்கும் பழக்கமானதுதான், நண்பரே. "பயப்படாதீங்க தாத்தா, டெஸ்ட்டுதான். இனிமே புக் பண்ற வேலையே இல்ல, இஷ்டத்துக்கு எரிங்க" என்றார் ஒருவர். நான் அஞ்சவில்லை. என் மூக்கு அவ்வேளையில் ஒரகடத்திலேயே இல்லை. திருப்பெரும்புதூரில், ஓட்டு வீட்டுச் சமையற்கட்டில், என் அக்காள் கமலாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் அவ்வூர்ப் பள்ளியில் தமிழாசிரியன், மணமாகாதவன். கணவரை இழந்த அக்காள்தான் வீட்டை நடத்தினாள். மழைக்காலம் வந்துவிட்டால் அவளுக்கு மூச்சிரைப்பு. அரசு மருத்துவமனை மருத்துவர் மாத்திரைகளை எழுதிக் கொடுத்துவிட்டு, "இதெல்லாம் சும்மாம்மா. புகை ஆகாது உனக்கு. விறகடுப்ப விட்டாத்தான் உயிர் தங்கும்" என்று முடித்தார். சொல்லுதல் அவருக்கு எளிது. அந்நாளில் எங்கள் பக்கத்தில் எரிபொருள் என்றால் சவுக்குக் கட்டை, வேலிக்காத்தான் முள், வேர்க்கடலைத் தோல். கடலைத் தோலின் புகை கண்வழி நுழைந்து தொண்டைவழி வெளியேறும் இயல்புடையது. நியாயவிலைக் கடை மண்ணெண்ணெயோ விளக்குக்கே போதாது.

எரிவளி என்பது சென்னை மக்களின் உடைமையாயிருந்தது. அவர்களும் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். முகவரின் வண்டி நகர எல்லையைத் தாண்டி எங்கள் ஊர்ப்பக்கம் வராது. சைதாப்பேட்டையில் குடியிருந்த எங்கள் அண்ணன் வீட்டில், உடன் வாழ்ந்த மாமனார் பெயரில் ஏற்கெனவே ஓர் இணைப்பு இருந்தது. அண்ணன் தம் பெயரில் பதிந்து வைத்திருந்ததற்கும் ஒருநாள் முறை வந்தது. "கமலாவுக்கே இருக்கட்டும்டா. என் பேர்ல வாங்கி உங்க வூட்ல எரியட்டும்" என்றார். அன்று அவரைக் கடவுளுக்கு ஒருபடி மட்டுமே கீழே நிறுத்தினேன். இந்தத் தரவரிசைப் பழக்கம் தமிழாசிரியர்களுக்கு உண்டு.

தீர்ந்த எரிவளி உருளையை மாற்றுவது ஒரு பயணம். பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். சென்னைக்குக் காய்கறி கொண்டுபோகும் முனுசாமியின் சரக்குந்தில், தீர்ந்த உருளையைக் கோணியில் சுற்றிக்கொண்டு நானும் ஏறுவேன்.

"இன்னா வாத்தியாரே, மறுபடியும் இத்த தூக்கிக்கினு வந்துட்டியா? வெடிச்சா உன் தமிழும் பூடும், என் கத்திரிக்காவும் பூடும்!"

"இது வெற்றுருளை, முனுசாமி. வெடிக்காது."

"நீ பேரு வெச்சுட்டா அது கேட்டுக்கினு கம்முனு கெடக்குமா?"

அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு சைதாப்பேட்டை வரைதான் நீடிக்கும். அங்கே அண்ணியின் முகம் இருந்தது. முகவரின் ஆள் வரும் நாளில் அவர் எங்களுக்காக வீட்டிலேயே இருக்க வேண்டும். நிறைந்த உருளையைப் படிக்கட்டின் அடியில் வைத்துக் காக்க வேண்டும். "உங்க அக்கா சமைக்கறதுக்கு நான் கோயிலுக்குக்கூடப் போவாம குந்திக்கினு இருக்கணும்" என்பார், என்னைப் பாராமல் சுவரைப் பார்த்து. வீடு திரும்பியதும் இதை அக்காளிடம் சொல்லமாட்டேன். சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதனால்தான் அவள் எரிவளியை ஒரு கலையாகப் பயின்றாள். ஈரத் துணியால் உருளையைத் துடைத்துவிட்டு, ஈரம் எங்கே முதலில் உலர்கிறது என்று பார்ப்பாள். உலர்ந்த பகுதி காலி, ஈரம் நிற்கும் பகுதியில் சரக்கு இருக்கிறது. பால் பொங்கும் முன்பே உருளையின் வாயை அடைத்து, இரப்பர்க் குழாயில் எஞ்சியதை மட்டும் எரியவிட்டு அதைப் பொங்கவைப்பாள். தீக்குச்சியைக் கிழித்து எங்கள் உருளையில் கசிவு தேடிய பக்கத்து வீட்டாரைக் கையைப் பிடித்து நிறுத்தியவளும் அவளே. "எரிவளி உருளையை நிமிர்த்தியே வைக்க வேண்டும்" என்று நான் பாடம் நடத்தினால், "வளியோ கிளியோ, கேஸுன்னு சொல்லுடா, அதுக்கே புரியாம நின்னுடப் போவுது" என்பாள்.

இவ்வளவு அறிந்தவள், அவ்வடுப்பில் சமைக்கவில்லை. காலைக் காப்பி, விருந்தினருக்குத் தேநீர், இரவில் அவள் ஆவி பிடிக்கும் வெந்நீர்: இவ்வளவே. சோறும் குழம்பும் கொல்லைப்புறச் சார்ப்பில், விறகில். நான் கடிந்தால், "சீக்கிரம் தீந்துட்டா அண்ணி மூஞ்சிலதானே முழிக்கணும்? இருமல் என் இருமல். அத யார்கிட்டயும் போய் கேக்க வேணாம்" என்பாள்.

எங்கள் ஊர்க் கோயிலின் சித்திரைத் திருவாதிரை உற்சவத்துக்கு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணி சமையற்கட்டில் நின்று அடுப்பைப் பார்த்தார். அக்காள் அதன்மேல் பழம்புடைவைத் துண்டு போர்த்தியிருந்தாள்.

"இன்னா கமலா, அடுப்பு கடையில கீற மேரியே பளபளன்னு கீது?"

அக்காள் முகம் மலர்ந்தது. அண்ணி வாயால் அவள் கேட்ட முதல் பாராட்டு அது. "பொங்கலுக்கு வந்த சிலிண்டரு அண்ணி. இன்னும் ஓடுது. உங்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாதுன்னுதான் இஸ்துக்கினு போறேன்."

அண்ணி திரும்பி அண்ணனைப் பார்த்தார். அந்தப் பார்வை வீட்டிலேயே பேசி முடித்துக்கொண்டு வந்த பார்வை. அவர்கள் மகளுக்கு மணம் உறுதியாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கட்டில், பீரோவோடு எரிவளி இணைப்பும் கேட்டிருந்தார்கள். அக்காலத்துச் சீர்வரிசையில் பொன்னுக்கு அடுத்த மதிப்பு அதற்கு.

"கமலா," என்றார் அண்ணன் மெதுவாக, "மாசக்கணக்கா ஒரே சிலிண்டரு ஓடுதுன்னா, உனக்கு அது தேவையில்லேன்னுதானே? பொண்ணுக்குக் குடுத்துடலாம். இங்க காத்து கீது, வெறகு கீது. உனக்கு இன்னா கொற?"

"அண்ணா, டாக்டர் சொன்னது மறந்துட்டீங்களா? புகை ஆகாது அக்காவுக்கு" என்றேன். என் தூய நடை எங்கே போயிற்றோ.

"டாக்டர் சொன்னாரு, சரி. அத எரிய வுடாம துணி போத்தி வெச்சது யாரு? நானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்காள் முந்திக்கொண்டாள். "எடுத்துக்கினு போண்ணா. கொழந்தைக்குத்தானே. நான் பழகிட்டேன்." இருமல் வந்தது, அதை அடக்கிக்கொண்டு அடுப்பின் மேலிருந்த துணியை எடுத்து மடித்தாள். எவ்வளவு குறைத்து எரித்தாளோ அவ்வளவும் அவளுக்கு எதிரான சான்றாக நின்றது. தாராளமாக எரித்து, மாதந்தோறும் என்னைச் சைதாப்பேட்டைக்கு விரட்டியிருந்தால், முணுமுணுப்போடாவது அது எங்களிடமே இருந்திருக்கும். தேவையைக் கூச்சலிட்டுக் காட்டாதவருக்குத் தேவையே இல்லை என்று தீர்ப்பு எழுதுவது உறவினரின் அறம்.

மறுநாள் முனுசாமியின் வண்டியிலேயே அடுப்பும் உருளையும் போயின. "மறுபடி எப்ப ஏத்தணும் வாத்தியாரே?" என்றார். நான் உருளையைச் சுற்றிய கோணியை இறுக்கிக் கட்டினேன். அவர் வண்டியைக் கிளப்பினார்.

என் பெயரில் பதிந்துவைக்கக் காஞ்சிபுரத்துக்கும் பூவிருந்தவல்லிக்கும் அலைந்தேன். எங்கும் காத்திருக்கச் சொன்னார்கள். நாங்கள் காத்திருந்தோம், நோய் காத்திருக்கவில்லை. சில மழைக்காலங்களை இழுத்துப் பிடித்துக் கடந்தவள், ஒரு கார்த்திகையில், சார்ப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே சுவரில் சாய்ந்துவிட்டாள். காரியத்துக்கு வந்த அண்ணன், "பட்டணத்துல இருந்திருந்தா பொழைச்சிருப்பா" என்றார், நாலு பேர் கேட்க. அதன்பின் நான் அவர் வீட்டுப் படி ஏறவில்லை.

இன்று தண்டலம் தொட்டு வடக்குப்பட்டு வரை நடந்து பாருங்கள். கடலைக் கொல்லைகள் இல்லை. சவுக்குத் தோப்புகள் நின்ற இடத்தில் தொழிற்சாலைச் சுவர்கள். மாலையில் கூரைகளின் மேல் படியும் அடுப்புப் புகை எந்த வீட்டிலும் இல்லை. அந்த மருத்துவரின் சொல்லை ஊரே நிறைவேற்றிவிட்டது, யாருக்காகச் சொன்னாரோ அவளைத் தவிர. பின்னாளில் உருளைகள் ஊருக்கே வரத் தொடங்கியபோது, "உன் சிலிண்டரு எத்தினி நாள் வரும்?" என்று பெண்கள் குழாயடியில் ஒருவரையொருவர் கேட்டு, குறைவாய் எரித்தவளை வியந்து பார்த்த பெருமையும் போய்விட்டது. இக்கால இளையோர் சிக்கனம் அறியார் என்று என் வயதினர் நடைப்பயிற்சியின்போது குறைபட்டுக்கொள்கிறார்கள். நான் சேர்ந்துகொள்வதில்லை. அந்தச் சிக்கனம் ஒழிந்ததில் எனக்கு வருத்தம் சிறிதும் இல்லை, நண்பரே. அது அக்காளுக்கு முன்னால் ஒழிந்திருக்க வேண்டும்.