ஏழாவது கோரிக்கை

பேசிப் பேசியே காரியத்தைக் கெடுக்கிற ஒரு மனிதரைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். என் கணவர் வெளியுறவுத் துறையில் அதிகாரி. இரண்டு நாடுகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு பாலத்துக்கு யார் பெயிண்ட் அடிப்பது என்று நாலு வருடம் பேசி, கடைசியில் ஆளுக்குப் பாதி என்று கையெழுத்து வாங்கி வந்தவர். ஒரு பாதி பச்சை, ஒரு பாதி சாம்பல். அந்தக் கண்றாவியைப் போட்டோ எடுத்துக் கூடத்தில் வேறு மாட்டியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால், என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "ஆட்சேபணை ஒண்ணும் இல்ல" என்று சொன்ன ஆள். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் கார் விபத்தில் எனக்கு முதுகுத்தண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி நடக்க முடியாது என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து உடைத்தே சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் என் தம்பிக்குப் போன் போட்டு இவர் என்ன சொன்னார் தெரியுமா? "இப்போதைக்கு ரெஸ்ட்ல இருக்கா." அதற்குப் பிறகு யார் கேட்டாலும் இதே பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தால் ஒன்றும் சொல்லத் தோன்றாது.

எங்கள் குளியலறைக் கதவு இருபத்து மூன்று அங்குலம். என் சக்கர நாற்காலி இருபத்தைந்தரை. அதனால் தினமும் மூன்று வேளை, நாலு வேளை இவர்தான் என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். ஐம்பத்து நாலு வயது. மூச்சு வாங்கும், காட்டிக்கொள்ள மாட்டார். எனக்கோ அவமானத்தில் உயிர் போகும். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் பன்னிரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. அதற்குள் கதவு அகலமாகாவிட்டால் நான் பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டும், முகம் தெரியாதவர்கள் என்னைத் தூக்க வேண்டும்.

புதன்கிழமை உட்கார்ந்து பதினோரு கோரிக்கைகள் டைப் அடித்தார். சமையலறைக் குழாய், கொசுவலை, பால்கனிக்கு வெள்ளை. ஏழாவதாகக் குளியலறைக் கதவு.

"ஏங்க, நமக்கு வேண்டியது அது ஒண்ணுதானே? அதை மட்டும் கேளுங்களேன்."

"உனக்குத் தெரியாது. நமக்கு எது முக்கியம்னு எதிராளிக்குத் தெரிஞ்சா அதையே கெட்டியா பிடிச்சுக்குவான். மத்ததை எல்லாம் விட்டுக்கொடுக்கிற மாதிரி விட்டுக்கொடுத்து இதை வாங்கிடலாம். நீ மட்டும் வெளியே வந்துடாதே."

"எதிராளியா? அவரு நம்ம வீட்டு ஓனருங்க!"

காதில் போட்டுக்கொண்டால்தானே.

ஓனர் மாடியில் இருப்பவர். ஓய்வுபெற்ற கட்டட மேஸ்திரி. இந்த வீட்டையே தன் கையால் கட்டியவர். மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார், எனக்கு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. வியாழக்கிழமை மாலை இறங்கி வந்து கூடத்தில் உட்கார்ந்தார். நான் படுக்கையறையில், பாதி சாத்திய கதவுக்குப் பின்னால், சக்கரத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"குழாயா? மாத்திடலாம் சார். கொசுவலையா? நியாயந்தான். வெள்ளை அடிக்கவும் நாளாச்சு."

ஆறு கோரிக்கைகள் ஐந்து நிமிடத்தில் பைசலாகிவிட்டன. இவர் குரலில் சுருதி இறங்கியது. மறுத்தால்தானே விட்டுக்கொடுக்க முடியும்? எல்லாவற்றுக்கும் சரி சொல்கிற மனிதரை என்ன செய்வது?

"ஏழாவது மட்டும் முடியாது சார். இடது சுவத்துக்குள்ளே மாடிக் குழாய் இறங்குது. கை வெச்சா வீடே நாறிடும். மத்த நாலும் செஞ்சு தரேன். பதினொண்ணுக்குப் பத்து! இப்படி ஒரு ஓனர் உங்களுக்குக் கிடைப்பாரா?"

"அந்தப் பத்தும் வேண்டாம் சார். ஏழாவதை மட்டும்..."

"அப்படி என்ன சார் அந்தக் கதவுல?"

"ஒரு... காற்றோட்டத்துக்காக."

"காத்துக்கு ஜன்னல் இருக்கே!" நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. "சரி, நான் வரட்டுமா?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. காற்றோட்டமாம்! கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். நாற்காலி இடித்து அந்தப் பாலத்துப் போட்டோ கூட ஆடியது.

ஓனர் செருப்பில் ஒரு காலை நுழைத்தபடியே நின்றுவிட்டார். "தங்கச்சி... என்னம்மா இது?"

"ஆக்சிடென்ட் அண்ணே. ரெண்டு மாசமாச்சு. இந்த நாற்காலி அந்தக் கதவுல நுழையல. அதுக்குத்தான் இவ்வளவு பேச்சும்."

அவர் என் கணவர் பக்கம் திரும்பினார். "ஏன் சார், இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரலையா? காத்தாம் காத்து!" உள்ளே போனார், சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார், திரும்பி வந்தார். "இடது பக்கம் ஆகாது. வலது பக்கம் இடிச்சா மாடிப்படிக்குக் கீழே இருக்கிற என் ஸ்டோர் ரூம் போகும். போனாப் போகட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கொஞ்ச நாளைக்குன்னா கதவையும் நிலையையும் கழட்டிட்டு ஒரு திரை போட்டா போதும். காலத்துக்கும்னா சுவத்தை இடிச்சு, உள்ளே பிடிச்சுக்கக் கம்பி வெச்சு, வாஷ்பேசின், குழாய் எல்லாத்தையும் உயரம் குறைச்சு ஒழுங்கா செய்யணும். நாளைக்குக் காலையில ஆள் சொல்லணும். எது சார்?"

கேட்டது இவரை. என்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. அது அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

"அது வந்து சார்... இப்போதைக்கு..."

நான் அவரையே பார்த்தேன். இன்னொரு தடவை அந்த வார்த்தையை முடித்தாரானால் இந்த மனிதரோடு என்னால் வாழவே முடியாது என்று தோன்றியது. நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. அவர் கையில் இருந்த கோரிக்கைத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"காலத்துக்கும்தான்" என்றார் என் கணவர். "இனிமே அவ நடக்க மாட்டா சார்."

சொன்னதும் அப்படியே என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மினார். அவர் கண்ணீரின் சூடு என் காலுக்குத் தெரியவில்லை. கையை வைத்துத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு மாதமாக அவர் மொட்டைமாடியிலும் நான் தலையணையிலுமாகத் தனித்தனியே அழுதுகொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் சேர்ந்து அழுதோம்.

அளவெடுத்துவிட்டு வருகிறேன் என்று குளியலறைப் பக்கம் போன ஓனர், வெகுநேரம் வரவே இல்லை.