பிடிக்கிற கையை யார் கேட்டது?

போன ஞாயிற்றுக்கிழமை ஏறிய கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. பி.பி. மாத்திரை போட்டும் இறங்கவில்லை. எனவே இந்த வாரம் சிரிப்பதற்காக இந்தப் பக்கத்தைத் திருப்பியவர்கள் தயவுசெய்து ராசிபலன் பக்கத்துக்குப் போய்விடுங்கள். அங்கே கண்டிப்பாகச் சிரிக்கலாம்.

விஷயம் இதுதான். முடிச்சூரில் எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்கு ஒரு புது மெஷின் வந்தது. செடி வேலியை வெட்டி லெவல் பண்ணுகிற ஹெட்ஜ் டிரிம்மர். கை நீளத்துக்கு பிளேடு, அதன் இரண்டு பக்கமும் வரிசையாகப் பல். பெட்ரோலில் ஓடுவது. பார்த்தாலே பயம் வரும்.

ஞாயிறு காலை கேட் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு அதை உட்கார வைத்தார்கள். சந்தனம், குங்குமம், பூ. பெட்ரோல் டேங்க்குக்கு நேர் எதிரே கற்பூரம் காட்டினார்கள் - நான் பத்தடி தள்ளி நின்று கும்பிட்டேன்.

அப்புறம் எலுமிச்சம்பழம். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கலாம். இதற்குத்தான் சக்கரமே இல்லையே... என்ன செய்வது? எங்கள் செகரட்டரி ஜகந்நாதன் சாருக்கு ஐடியாவுக்கா பஞ்சம்? பழத்தைக் கயிற்றில் கட்டி கேட் கம்பியில் தொங்கவிட்டார். மெஷினை ஸ்டார்ட் செய்தார். விர்ர்ர்... பழத்தில் ஒரு பாதி 'பி' பிளாக் பக்கம் பறந்தது. ஒரே கைதட்டல். சாறு சொட்டச் சொட்ட மெஷினோடு போட்டோ. அடுத்த நிமிடம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்.

கூட்டத்துக்குப் பின்னால் கையில் பெரிய கத்தரிக்கோலோடு அமுதா நின்றிருந்தார். எங்கள் வேலியை ஆறு வருடமாக வெட்டுகிறவர். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். தாம்பரத்தைச் சுற்றி ஐந்து அப்பார்ட்மென்ட்களுக்குத் தோட்டப் பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுத்திருக்கும் ஜாஃபர் பாயிடம் வேலை. வேலி வெட்டுவது மட்டுமே இவர் பொறுப்பு. கயிறு கட்டாமல், கண்ணாலேயே லெவல் பார்த்து வெட்டுவார். ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் பிசகு இருக்காது.

"வாம்மா, இனிமே உனக்கு வேலையே ஈஸி" என்று செகரட்டரி மெஷினை அணைத்து அவர் கையில் கொடுத்தார்.

அமுதா அதை ஸ்டார்ட் பண்ணவில்லை. வேலிக்குப் பக்கத்தில் போய், அதன் மேல்மட்டத்துக்குத் தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். தோள் நடுங்க ஆரம்பித்தது. மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

"வெய்ட்டா கீது சார். இத்த தூக்கினு நாள் பூரா வெட்ட முடியாது. தோள்பட்டை வுட்டுப்பூடும்."

செகரட்டரி அங்கேயே நின்றபடி போனை எடுத்தார். "பாய், அடுத்த வாரத்திலேர்ந்து மெஷின் பிடிக்க ஒரு ஆம்பளைய அனுப்புங்க. இந்த அம்மா வேணாம்."

அவ்வளவுதான். ஆறு வருட வேலை. ஒரு போன் கால். அமுதா அங்கேதான் நிற்கிறார், காதில் விழுகிறதே என்ற கூச்சம்கூட இல்லை!

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "சார், இந்த மெஷினை யார் செலக்ட் பண்ணது?" என்று கேட்டேன்.

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? எல்லாரும் சேர்ந்துதானே... குரூப்ல வோட்டிங் வெச்சோமே. நீங்களும் ஓட்டு போட்டீங்களே!"

போட்டேன். உண்மை. அதுதான் என் கோபத்தில் பாதி.

அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று மெஷின் படம் வந்தது. ஏ, பி, சி. ஏ-தான் பெரியது. 'கமர்ஷியல்' என்று எழுதியிருந்தது. "பெரிசா வாங்கினா சீக்கிரம் முடியும்" என்றார் ஒருவர். "பெட்ரோல்தான் பவர்" என்றார் இன்னொருவர் - அவர் வீட்டில் ரோஜாத் தொட்டிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியது கிடையாது. நான் அடுப்பில் தோசை திருப்பிக்கொண்டே ஏ-வைத் தட்டினேன். ஏன் ஏ? தெரியாது. எல்லோரும் ஏ தட்டியிருந்தார்கள்.

அத்தனை பேர் ஓட்டுப் போட்டோம். அதைக் கையில் பிடிக்கப்போகிறவர் மட்டும் அந்த குரூப்பில் இல்லை.

இப்போது எங்கள் வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2015-ல் வெள்ளம் வந்து தரைத்தள வீடுகள் முங்கின பிறகு, சுற்றுச்சுவர் ஓரமாக இரண்டடிக்கு மேடை கட்டி, மண் கொட்டி, அதன்மேல்தான் இந்தச் செடிகளை நட்டார்கள். ஒரு பக்கம் இட்லிப்பூ, ஒரு பக்கம் மஞ்சள் இலை டுரான்டா. நிற்பது கீழே. வெட்ட வேண்டிய மட்டம் அமுதாவின் கழுத்து உயரம். அதாவது மெஷினை இடுப்பில் தாங்க முடியாது. முழு வெயிட்டையும் தோளுக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். வெட்டுவதோ சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத குச்சி. அதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பல்?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அமுதாவைக் கேட்டேன், சொன்னார். அவ்வளவு சிம்பிள்!

அன்று மதியம் ஜாஃபர் பாய் போன் செய்தார். "ரொம்ப பேஜார் பண்றாங்க மேடம். அமுதாவை நிறுத்தணுமாம். நான் அஞ்சு எடத்துலயும் அவங்க கைவேலையைக் காட்டித்தான் கான்ட்ராக்டே வாங்கினேன். ஆனா டூல்ஸ் அசோசியேஷனோடதுன்னு அக்ரிமென்ட். நான் இன்னா பண்றது?"

"கடைக்குப் போலாம் பாய். அமுதாவையும் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

திங்கட்கிழமை தாம்பரத்தில் அந்தக் கடை. மெஷின் வாங்கியதும் அங்கேதான். சேல்ஸ்மேன் நல்ல மரியாதைக்காரர் - எனக்கு மட்டும். சேர் போட்டார். டீ சொன்னார். "மேடம், இதுல பாருங்க மேடம், இந்த மாடல் மேடம்..." என்று ஆரம்பித்தார். பாய்க்கும் கொஞ்சம் கிடைத்தது. அமுதா என்று ஒருவர் நிற்பதே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"சார், வெட்டப்போறவங்க இவங்க. இவங்ககிட்ட சொல்லுங்க" என்றேன். "ஓகே மேடம்" என்றவர், அடுத்த வாக்கியத்தையும் என்னைப் பார்த்தே சொன்னார். ஆர்.பி.எம். என்றார். லித்தியம் என்றார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன், ஒன்றும் புரியவில்லை.

அமுதா அவர் பேச்சைக் கேட்கவே இல்லை. ஷெல்ஃபிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஓட்டாமலேயே, கழுத்து உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முதலாவதைச் சீக்கிரமே வைத்துவிட்டார். இரண்டாவது வயர் உள்ளது. அதைக் கையில்கூட எடுக்கவில்லை. "உங்க ஏரியால மழ பெஞ்சா தண்ணி நிக்கும்க்கா. வயர இழுத்துகினு அதுல எங்க போறது? சாவறதா?"

மூன்றாவது பேட்டரியில் ஓடுவது. பிளேடு கொஞ்சம் குட்டை. அதன் பின்பக்கக் கைப்பிடியில் ஒரு சின்னப் பொத்தான். அதை அமுக்கித் திருப்பினார்... பிடி மட்டும் தனியாகத் திரும்பியது. வேலியின் பக்கவாட்டை வெட்ட மெஷினைச் சாய்த்தாலும் பிடி நேராகவே இருக்கும். மணிக்கட்டை மடக்க வேண்டாம்!

"யக்கா, இத்து திரும்புதுக்கா!"

ஆறு வருடத்தில் அந்த முகத்தில் நான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. மணிக்கட்டில் எப்போதும் ஒரு துணி சுற்றியிருப்பாரே, அது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எழுத்தாளராம் நான்... எல்லாவற்றையும் கவனிக்கிறவளாம்!

சேல்ஸ்மேன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பெரிய மாடலின் பெருமை. அமுதா அந்த பேட்டரி மெஷினைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். சேல்ஸ்மேன் மூச்சு வாங்க நிறுத்தியதும் கேட்டார்: "பேசி முட்சிட்டீங்களா சார்? நான் இன்னும் புட்சிகினுதான் கீறேன். இத்துதான் நமக்கு. ஆனா பேட்டரி ரெண்டு ஓணும். ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு சார்ஜ்ல கெடக்கணும்."

எந்தக் கேட்டலாக்கிலும் இந்த டெஸ்ட் கிடையாது. ஆனால் இதைவிடச் சரியான டெஸ்ட் உண்டா?

"சரி சார், பெரிய மெஷினைத் திருப்பி எடுத்துக்கிட்டு இதைக் கொடுங்க" என்றோம். பாய் கொண்டுவந்திருந்த அந்த மெஷினின் பிளேடைச் சேல்ஸ்மேன் முகர்ந்து பார்த்தார். பல்லிடுக்கில் காய்ந்த எலுமிச்சைத் தோல். ஒரு கொட்டைகூட ஒட்டிக்கொண்டிருந்தது. "யூஸ் பண்ணிட்டீங்களே மேடம். எக்ஸ்சேஞ்ச் கிடையாது."

சுபகாரியம் செய்தோமே... அதன் பலன்.

புதன்கிழமை மாலை கமிட்டி மீட்டிங். நான், பாய், அமுதா மூவரும் போனோம். செகரட்டரி தயாராக இருந்தார். "மெஷினை ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க. இன்னொண்ணு வாங்கறது வேஸ்ட். மெஷின் இருக்கட்டும், ஆளை மாத்திக்கலாம். நத்திங் பர்சனல்."

நத்திங் பர்சனல்! ஒருவரின் வேலையைப் பிடுங்குவதைவிட பர்சனலான விஷயம் வேறு என்ன இருக்கிறது சார்?

நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அமுதா எழுந்தார். மூலையில் கிடந்த பெட்ரோல் மெஷினைத் தூக்கினார். பிளேடுக்கு உறை போட்டிருந்தது, என்ஜின் ஆஃப். ஜகந்நாதன் சார் கையில் கொடுத்தார். அவரும் ஏதோ போட்டோவுக்கு என்பதுபோல வாங்கிக்கொண்டார்.

"சார், கோச்சிக்காதீங்க. நீங்க மினிட்ஸ் படிப்பீங்கல்ல... படிங்க. முடியற வரைக்கும் இத்த கயுத்து ஒசரத்துக்குத் தூக்கிப் புட்சிகினு நில்லுங்க. அதுக்கப்புறம் என்ன போவச் சொல்லுங்க. போயிடறேன்."

மறுக்கலாமா என்று செகரட்டரி ஒரு நொடி யோசித்தார். ஆனால் எதிரே பத்துப் பதினைந்து பேர் பார்க்கிறார்கள். தூக்கினார். துணைச் செயலாளர் பேப்பரை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

முதல் ஐட்டம், தண்ணீர் லாரி. கணீரென்று படித்தார். இரண்டாவது, லிஃப்ட். குரல் இறங்கியது. கை அதற்கு முன்னாலேயே இறங்கியிருந்தது. மூன்றாவது விசிட்டர் பார்க்கிங்... 'விசிட்டர்' மட்டும் வந்தது. பிளேடின் நுனி மேஜையில் இடித்து, டீ கப் உருண்டது. மெஷினைக் கீழே வைத்துவிட்டு முழங்கையைத் தேய்த்தார்.

"கொஞ்சம்... ஹெவிதான்."

"ரெண்டு நிமிசம்கூட ஆவல சார்" என்றார் அமுதா. குரலில் கிண்டல் இல்லை. கோபம்கூட இல்லை. "நான் காலைல எட்டு மணிக்குத் தூக்கினா மத்தியானம் சோத்துக்குத்தான் கீழ வெக்கணும்."

பேட்டரி மெஷின் வாங்க முடிவானது. இரண்டு பேட்டரி. செக்யூரிட்டி ரூமில் சார்ஜ் போட ஒரு பிளக் பாயின்ட் - அதற்கும் ஒருவர் கரன்ட் பில் என்று முனகினார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

ஜெயித்துவிட்டோமே, இன்னும் ஏன் கோபம் என்கிறீர்களா?

ஏனென்றால் இது மெஷின் விஷயமே இல்லை. பஸ் படிக்கட்டு உயரமாக இருந்தால் ஏறுகிறவரைத் திட்டுகிறோம். கவுன்ட்டர் ஜன்னல் தாழ்வாக இருந்தால் வரிசையில் நிற்பவர் குனிகிறார். பொருளைக் குறை சொல்ல மாட்டோம், ஆளை மாற்றுவோம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எங்கள் மாப் குச்சியைப் பார்த்தேன். கலர் அழகாக இருக்கிறது என்று நான் வாங்கியது. அதைப் பிடித்து வீடு துடைக்கிற விஜயா என்னைவிட அரை அடி உயரம். இரண்டு வருடமாகக் குனிந்தே துடைத்திருக்கிறார். நானும் இரண்டு வருடமாக, "ஏன் விஜயா, இடுப்பு வலியா? டாக்டரைப் பாரேன்" என்று அக்கறையாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது?

நேற்று காலை ஜன்னல் வழியே பார்த்தேன். அமுதா இட்லிப்பூ வேலியை வெட்டிக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. மணிக்கட்டில் துணியும் இல்லை. யாரோ புது மெஷினுக்கும் பூஜை போடலாமே என்று பழத்தோடு வந்திருக்கிறார்கள். "பழத்த குடுங்க, ஜூஸ் போட்டுக் குடிக்கிறேன். வெயிலு கொளுத்துது" என்று வாங்கி வைத்துக்கொண்டாராம்.

பெட்ரோல் மெஷின் அசோசியேஷன் ரூமில் கேரம் போர்டுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது, சந்தனப் பொட்டோடு. நாங்கள் அத்தனை பேரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அந்த கமர்ஷியல் மெஷின் இதுவரை வெட்டியது - ஒரே ஒரு எலுமிச்சம்பழம்!