புளி போட்டுத் தேய்த்த காசு

குறை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு. அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் அடங்காது. அதனால்தான் பழைய செப்புக்காசுகளில் அச்சுப்பிழை தேடும் பைத்தியம் பிடித்தது. நாணயசாலையில் நேர்ந்த பிழை என்றால் காசுக்கு மதிப்பு. வெளியே வந்த பிறகு யாராவது நசுக்கியது என்றால் வெறும் சேதம். இரண்டையும் பிரித்துச் சொல்வதில் என்னை மிஞ்ச ஹைதராபாத்தில் ஆள் இல்லை என்று ஒரு நினைப்பு வேறு.

லோத்குண்டாவில் எங்கள் தெருவிலேயே அண்ணாச்சியும் மதினியும் இருந்தார்கள். என்னைப் போலவே திருநெல்வேலிப் பக்கம்; அவர் என் பிரிவில் மூத்தவர். அவர்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது நிஜாம் காலத்துக் காசு ஒன்று கிடைத்தது. மதினி அதை லட்சுமி என்றே நம்பி விளக்கடியில் வைத்திருந்தார். ஒரு ஞாயிறன்று என்னிடம் கொண்டுவந்தார்.

"இது நல்ல காசுதானே தம்பி?"

கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் உருது எழுத்துகள் மேடாக, ஆனால் மழுங்கி இருந்தன. மறுபக்கம் அதே எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி, பள்ளமாக, கூர்மையாக. முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த தகட்டில் பதிந்தால் இப்படி வரும். அது அரிது. இரண்டு காசுகளைச் சேர்த்து வைத்துச் சுத்தியலால் அடித்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் வரும். என்ன, அடிபட்ட பக்கம் நசுங்கிவிடும்.

"இந்தப் பக்கம் நசுங்கியிருக்கு பாருங்க. எவனோ சுத்தியல்ல அடிச்ச காசு மதினி," என்றேன்.

"அப்படியா? வெள்ளிக்கெழம தவறாம புளி போட்டுத் தேச்சு வைப்பேனே."

"அய்யய்யோ, பழைய செம்பைத் தேய்க்கவே கூடாது. மதிப்பே போயிரும்," என்று அதற்கும் ஒரு பாடம் நடத்தினேன். மதினி காசை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். நான் மறந்தே போனேன்.

மதினி இறந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். கைபேசியில் பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தபோது அன்று எடுத்த அந்தக் காசின் படம் கண்ணில் பட்டது. பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பு கொஞ்சமும் பிதுங்கவில்லை. சுத்தியல் அடி வாங்கிய காசு பிதுங்காமல் இருக்காது. தொழிற்சாலையில் விளிம்பைத் தடவிப் பார்க்காமல் ஒரு துண்டைக்கூட நான் வெளியே விட்டதில்லை. மழுங்கியது அடியால் அல்ல, வெள்ளிக்கிழமைப் புளியால். தேய்த்தால் மேடான எழுத்துதான் கரையும்; பள்ளத்துக்கு ஒன்றும் ஆகாது. அப்படியானால் அது நாணயசாலையிலேயே பிறந்த அரிய பிழைதான். புளி போட்டுத் தேய்ப்பதை மதினி தன் வாயாலேயே சொன்னார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். மேதாவிக்கு அந்த மட்டும்கூட இல்லை. அவமானமாக இருந்தது.

அன்று மாலையே அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை.

"அன்னைக்கே அத விளக்கடியிலேருந்து எடுத்துட்டா. பொய்க் காசயா இத்தன வருசம் கும்பிட்டேன்னு ஒரு தடவ கேட்டா. அதுக்கப்பொறம் அதப் பத்திப் பேசல," என்றார்.

பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில், ஒரு குங்குமச் சிமிழுக்குள் காசு இருந்தது. கறுத்துப்போயிருந்தது. நான் சொன்னபடியே மதினி அதன்பின் தேய்க்கவில்லை.

"கொஞ்சம் புளி இருக்கா அண்ணாச்சி?"

"தேச்சா மதிப்பு போயிரும்னு சொன்னீரே?"

"போகட்டும்."

அடுக்களைக் குழாயடியில் நின்று தேய்த்தேன். கறுப்பு விலகிச் செம்பு சிவந்து வந்தது. மேட்டெழுத்து இன்னும் கொஞ்சம் கரைந்திருக்கும். துடைத்து விளக்கடியில் வைத்தேன். அலமாரிக்கு மேலே மாட்டியிருந்த மதினியின் படத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை.

"நல்ல காசுதான் மதினி," என்றேன், காசைப் பார்த்தபடியே.