சந்தனச் சுவரில் வந்த சிவப்பு

தறி இருக்கும் அறைக்குச் சந்தன நிறமா, பிஸ்கெட் நிறமா என்று குழம்பி, பட்டு நூலைப் பார்ப்பதுபோல் இரண்டையும் பலகையில் தீட்டி வாசல் வெயிலில் பார்த்தேன். சந்தனம் பிடித்தது. அடித்து முடித்த சுவரோ சிவந்து தெரிந்தது.

"இன்னாபா, டப்பாவ மாத்திட்டியா?" என்றேன்.

"நீங்க சொன்ன சந்தனந்தாம்மா!" என்றார் பெயிண்டர்.

நான் நம்பவில்லை. மீதி டப்பாவைச் சாட்சியாகப் பூட்டி வைத்தேன்.

தறியில் நெய்து முடிந்த சிவப்புச் சேலையை அறுத்து இறக்கிவிட்டு, அடுத்த சேலைக்குப் பச்சைப் பட்டு நூலைப் பாவாக ஏற்றினோம். சன்னல் வெயில் அந்தப் பட்டில் பட்டதும் சுவரும் பச்சையடித்தது. ஏணியை எடுக்க வந்த பெயிண்டர் அதைப் பார்த்துவிட்டார்.

"இந்தப் பச்சை டப்பாவ எப்பம்மா மாத்தினேன்?"

இப்போதெல்லாம் நிறத்தைத் தறிக்குப் பக்கத்துச் சுவரிலேயே தீட்டிப் பார்க்கிறேன். பூட்டிய டப்பாவை மட்டும் இன்னும் வெளியே எடுக்கவில்லை.